தொடுக்க முடியாத பூவுக்கு எதற்கு இத்தனை உபசாரம்? (ஆர்க்கிட், மல்லி, பால்கனிப் பூச்செடிகள்)

1 | மடிப்பாக்கம்_மாடி

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கேள்வி, கூடவே கொஞ்சம் வம்பு.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. கிழக்குப் பார்த்த சின்ன பால்கனி. காலை பத்து, பத்தரை வரை வெயில், அப்புறம் வெளிச்சம் மட்டும்தான். துளசி, டேபிள் ரோஸ், ஒரு செம்பருத்தி, எப்போதாவது நாலு மொட்டு விடுகிற குண்டுமல்லி. அவ்வளவுதான் தோட்டம். போன வருடம் கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர் ஒருவர் வெள்ளை ஆர்க்கிட் கொடுத்தார். கண்ணாடிக் கிண்ணத்தில், அடியில் பாசி சுற்றி, வளைந்த தண்டில் வரிசையாகப் பூ. இரண்டு மாதத்துக்கு மேல் அப்படியே நின்றது. பூ உதிர்ந்ததோடு சரி, இப்போது வெறும் இலை. செடி நன்றாகத்தான் இருக்கிறது, பூக்கிற எண்ணம் மட்டும் இல்லை.

மாமியார் கேட்கிறார்: "தலையில் வைக்க முடியாது, தொடுக்க முடியாது, சாமிக்குப் போடுகிற பூவும் இல்லை, மணமும் இல்லை. இதற்கு எதுக்கும்மா இத்தனை உபசாரம்?" பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் நர்சரியில், கல்யாண மேடையில் கட்டுவார்களே, அந்த ஊதா ஜாதியைப் பார்த்ததிலிருந்து கை பரபரக்கிறது.

வளர்ப்பவர்கள் சொல்லுங்கள். சென்னை வெயிலில் இது நடக்குமா? நடந்தால், அதில் என்னதான் சுகம்?

2 | தோவாளைப்_பிச்சி

என்னை மாமியார் கட்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். பூ என்றால் சாயங்காலம் வாசல் வரைக்கும் மணக்க வேண்டாமா? முழம் போட்டுத் தொடுக்கிற ஊர்க்காரி நான். இரண்டு மாதம் வாடாமல் நிற்கிற பூவைப் பார்த்தால் எனக்குப் பிளாஸ்டிக் சந்தேகம் வந்துவிடும்.

அது கிடக்கட்டும், உங்கள் குண்டுமல்லி நாலு மொட்டோடு நிற்பதுதான் எனக்குக் கவலை. அதற்குத் தனியாக எழுதுகிறேன். இப்போது கடையில் கூட்டம்.

3 | ஏற்காட்டு_மழை

மடிப்பாக்கம், உங்களிடம் இருக்கும் வெள்ளைப் பூ ஃபலனாப்சிஸ். மால்களில், பரிசுக் கடைகளில் விற்பது பெரும்பாலும் இதுதான். இதற்குப் பூந்தண்டு விட ஒரு நிபந்தனை உண்டு: சில வாரங்கள் குளிர்ச்சி வேண்டும். 28 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் இலை விடும், வேர் விடும், பூந்தண்டு விடாது. வணிகப் பண்ணைகளில் அறையைக் குளிர்வித்துத்தான் தண்டு வரவைக்கிறார்கள். பகலில் 25, இரவில் 20 டிகிரி என்ற கணக்கு. சென்னையில் அந்தக் குளிர் டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஓரளவு கிடைக்கும். அதனால் தை மாதவாக்கில் இலைக்கு அடியிலிருந்து ஒரு முனை எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். வேரின் நுனி உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். பூந்தண்டின் நுனி கொஞ்சம் தட்டையாக, கையுறை மாட்டிய விரல் போல இருக்கும். இரவில் ஏ.சி. ஓடும் அறையில், பகலில் நல்ல வெளிச்சம் வரும் ஜன்னல் இருந்தால் இன்னும் வாய்ப்பு கூடும்.

ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தப் பாசி குளிர்நாட்டுக் கண்ணாடிக் கூடத்துக்குச் சரி. நம் ஊர் ஈரப்பதத்தில் நடுவில் மட்டும் சொதசொதவென்று நின்று வேரை அழுக வைக்கும்.

உங்கள் பால்கனிக்கு நான் சிபாரிசு செய்வது நீங்கள் கண் வைத்திருக்கும் அந்த ஊதாவைத்தான். அது டென்ட்ரோபியம். மேடையில் கட்டுவது பெரும்பாலும் 'சோனியா' என்ற கலப்பினம், தாய்லாந்திலிருந்து கட்டுக்கட்டாக வருவது. பாங்காக் வெயிலில் வளர்ந்த செடிக்கு மடிப்பாக்கம் வெயில் பெரிய விஷயமில்லை. காலை வெயில் நேராகப் பட்டாலும் தாங்கும், மதிய வெயிலுக்கு மட்டும் ஐம்பது சதவீத நிழல்வலை வேண்டும். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை, வெளிர்ப்பச்சையில் லேசாக மஞ்சள் ஓடினால் சரியான இடம். கரும்பச்சையைப் பார்த்து 'செழிப்பாக இருக்கிறது' என்று சந்தோஷப்படுகிறவர்கள் வீட்டில் பூ வராது.

வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். புதிதாக ஒரு குருத்து முளைத்திருக்க வேண்டும், சட்டி ஓரத்தில் பச்சை நுனியோடு வேர் தெரிய வேண்டும். பழைய தண்டுகள் இலை கொட்டி மொட்டையாக நிற்கும். அசிங்கமாக இருக்கிறது என்று வெட்டக்கூடாது. அவைதான் செடியின் சேமிப்பு. பல நேரம் அதே மொட்டைத் தண்டின் உச்சியிலிருந்து மறுபடியும் பூ வரும்.

மண் கூடவே கூடாது. அடுப்புக்கரித் துண்டு, உடைத்த ஓடு அல்லது செங்கல் சில்லு, ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டைத் துண்டு. எங்கள் மலையில் மழை அதிகம், அதனால் கரி மட்டும். சென்னையில் மட்டையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். சட்டி சின்னதாக இருக்கட்டும். பெரிய சட்டியில் வைத்தால் நடுப்பகுதி காயாது.

சுகம் என்ன என்று கேட்டீர்கள். பூ வருடத்தில் சில மாதம், வேர் வருடம் பூராவும். வாண்டா என்று ஒரு வகை, சட்டியே இல்லாமல் கம்பியில் தொங்கும், வேர்கள் முழம் முழமாகக் கீழே இறங்கும். காய்ந்திருக்கும்போது அந்த வேர் வெள்ளிச் சாம்பல் நிறம். தண்ணீர் பட்டதும் பார்த்துக்கொண்டே இருங்கள், மேலிருந்து கீழே பச்சை ஓடிவரும், நடுநடுவே நனையாத வெள்ளைக் கீறல்கள் நிற்கும், கடைசியில் நுனி மட்டும் பளிச்சென்று தெரியும். வேரைச் சுற்றிப் பஞ்சு போல ஒரு உறை உண்டு, அது தண்ணீர் குடித்ததும் கண்ணாடியாகி உள்ளே இருக்கும் பச்சையைக் காட்டுகிறது. இதைத் தினமும் காலையில் காப்பியோடு நின்று பார்க்கிறேன். இன்னும் அலுக்கவில்லை. வேர் முழுக்கப் பச்சையானால் தண்ணீர் போதும் என்று அர்த்தம், வேறு கணக்கே தேவையில்லை.

4 | மடிப்பாக்கம்_மாடி

அடேயப்பா! நன்றி அண்ணா. கிண்ணத்திலிருந்து எடுத்துவிட்டேன். நீங்கள் சொன்னதுபோலவே நடுவில் ஈரம், ஓரத்து வேர்கள் மட்டும் கெட்டியாக இருக்கின்றன.

தண்ணீர் பற்றிச் சொல்லுங்கள். எங்களுக்கு போர் தண்ணீர். பக்கெட்டில் வெள்ளைப் படலம் படிகிற ரகம். ஆர்.ஓ. மிஷினிலிருந்து வெளியே போகும் கழிவுத் தண்ணீரை ஊற்றலாமா? வீணாகத்தான் போகிறது.

5 | ஆய்வுக்கூட_வாத்தியார்

ஆர்.ஓ. கழிவு நீர் வேண்டவே வேண்டாம். உள்ளே போன உப்பு முழுவதையும் குறைந்த தண்ணீரில் சேர்த்து வெளியே தள்ளுவதுதான் அது. பாத்திரம் கழுவ, வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்க்கிட் வேர் மரக்கிளையில் மழையைக் குடித்துப் பழகியது. மண் இல்லாததால் உப்பைத் தாங்கிப் பிடிக்க நடுவில் எதுவும் கிடையாது, நேராக வேர் நுனியைச் சுடும். நுனி பழுப்பாகி நின்றுவிட்டால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிப் பாருங்கள், பேனா அளவுதான் இருக்கும். 200-க்குள் இருந்தால் கவலையில்லை. 500 தாண்டினால் வெறும் போர் தண்ணீர் ஆகாது.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் இருக்கிறதே, அது காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, கிட்டத்தட்ட உப்பே இல்லாதது. பக்கெட்டில் பிடியுங்கள். ஆனால் அதையே மட்டும் கொடுத்தால் கால்சியம், மெக்னீசியம் எதுவும் கிடைக்காது. மூன்று பங்கு ஏ.சி. தண்ணீர் அல்லது மழைத்தண்ணீர், ஒரு பங்கு உங்கள் போர் தண்ணீர். கலந்து, மீட்டரில் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

காலையில் ஊற்றுவது நல்லது. தடித்த இலை ஆர்க்கிட்டுகள் பலவும் பகலில் இலைத்துளையை மூடிவைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்துக்கொள்கிறவை, கள்ளியும் அன்னாசியும் செய்வது போல. இரவில் குருத்துக்குள் தண்ணீர் தேங்கினால் அழுகல் வரும்.

6 | நல்லூர்_வளவு

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து. தண்ணீர்க் கதை வந்ததால் எழுதுகிறேன். எங்கட நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணி சரியான கடினம், கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கும். அதனால் ஓர்கிட் கன்றுகளுக்கு மழைத்தண்ணிதான். மாரியில் கூரைத் தண்ணியைத் தொட்டியில் பிடித்து மூடி வைத்துவிடுவேன். கோடையில் அளந்து அளந்து செலவு.

இங்கே கரி என்றால் சிரட்டைக்கரி. பொச்சை (தேங்காய் மட்டையை) துண்டுதுண்டாக வெட்டி, சாயம் போகும் மட்டும் ஊறப்போட்டு, தண்ணியை மாற்றி மாற்றி அலச வேண்டும். அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பே கன்றைக் கெடுக்கும்.

பூச்சாடியே வேண்டாம் என்பவர்களுக்கு மாமரம் இருக்கிறது. கன்றைக் கிளையில் வைத்து, பழைய பருத்திச் சீலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டினால் போதும். வேர் மரப்பட்டையைப் பிடிக்கிற காலத்தில் சீலை தானே உக்கி விழுந்துவிடும். நைலோன் கயிறு வேண்டாம், தண்டை அறுக்கும். அப்படிக் கட்டிய ஊதா டென்ட்ரோபியம் இப்போது கிளையைச் சுற்றி வளர்ந்து நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் மாமரம் பூத்திருக்கிறது என்று நினைத்து நிமிர்ந்து பார்ப்பார்கள்.

கண்டிப் பக்கம் வந்தால் பேராதனைப் பூங்காவின் ஓர்கிட் மண்டபத்தைப் பார்க்காமல் போகாதீர்கள். எங்கட தீவுக்கு மட்டுமே உரிய ஓர்கிட் ஒன்று உண்டு, வைகாசி விசாகம், வெசாக் வரும் மே மாதத்தை ஒட்டிப் பூக்கும். சிங்களத்தில் 'வெசக் மல்' என்பார்கள். மென் ஊதா, சரியான வடிவு. ஈரக் காட்டுக் கன்று, யாழ்ப்பாண வெக்கைக்கு ஒத்துவராது. ஆசைப்பட்டுக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பதுதான்.

7 | ஈரோட்டு_வயக்காடு

ஏனுங்க, எல்லாரும் கரி, கம்பி, மீட்டர்னு பயமுறுத்துறீங்க. நாங்க ரோஜா, கனகாம்பரம், டிசம்பர் பூ எல்லாத்துக்கும் கடலைப்புண்ணாக்குக் கரைசல், அரிசி கழுவின தண்ணி, பஞ்சகவ்யம். அதே ஆர்க்கிட்டுக்கும் நல்லாத்தான் வருது. உரக்கடைக்குப் போகாம வளக்க முடியாதுங்களா?

8 | ஏற்காட்டு_மழை

முடியும், ஆனால் யோசித்துச் செய்ய வேண்டும். புண்ணாக்கும் அரிசித் தண்ணீரும் செடிக்கு நேராக உணவு இல்லை. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துக் கொடுத்த பிறகுதான் வேர் எடுக்கும். உங்கள் ரோஜா சட்டியில் அந்த ஆள்பலம் இருக்கிறது. கரித்துண்டில் அவ்வளவு கிடையாது. புண்ணாக்கு வேரின் மேல் பிசுபிசுவென்று ஒட்டி, எறும்பு, ஈ, பூஞ்சை எல்லாவற்றுக்கும் பந்தி வைக்கும்.

நான் போடுவது 19:19:19. உரக்கடையில் 'பத்தொன்பது ஆல்' என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு லிட்டருக்கு ஒரு கிராம், அதற்கு மேல் இல்லை, வாரம் ஒருமுறை. சின்னக் கன்றுக்கு அதிலும் பாதி. மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரை நன்றாக ஓடவிட்டுச் சட்டியை அலசிவிடுங்கள்.

9 | ஈரோட்டு_வயக்காடு

சரிங்க. ஆனா பஞ்சகவ்யத்தை மெல்லிசா கலக்கி, வடிகட்டித் தெளிக்கிறதை நான் விடமாட்டேன். எனக்குப் பூக்குது, அது போதும்.

10 | ஏற்காட்டு_மழை

பூக்கிற செடியோடு நான் வாதாடுவதில்லை.

11 | யீஷூன்_அக்கா

சிங்கப்பூரிலிருந்து ஒரு வணக்கம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் தாழ்வாரம்தான் எங்களுக்குத் தோட்டம். நடக்கிற வழியை மறிக்கக்கூடாது, தட்டில் தண்ணீர் தேங்கக்கூடாது. டெங்குச் சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது பூச்சட்டித் தட்டைத்தான். அந்த வகையில் ஆர்க்கிட் வசதி, தட்டே வேண்டாம்.

இங்கே இது அந்நியப் பூ கிடையாது. 1981-லிருந்து தேசிய மலரே ஓர் ஆர்க்கிட், வாண்டா மிஸ் ஜோக்கிம். ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் தோட்டத்தில் வந்த கலப்பு, 1893-ல் பதிவானது. இலை பென்சில் மாதிரி உருண்டையாக இருக்கும். இதற்கு நிழல் ஆகாது, முழு வெயில் வேண்டும். கம்போ குச்சியோ நட்டு ஏற்றிவிடுவார்கள். தண்டு அந்தக் குச்சியைத் தாண்டி மேலே போன பிறகுதான் பூ. ஆசைப்பட்டு உயரமான குச்சி நட்டவர்கள் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மடிப்பாக்கம் தங்கச்சி, மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: என் வீட்டுச் சாமி மேடையில் வெள்ளிக்கிழமைக்கு டென்ட்ரோபியம்தான். சரத்திலிருந்து ஒரு பூவைக் கிள்ளி முருகன் பாதத்தில் வைத்தால் மறு வெள்ளி வரை கூட முகம் மாறாமல் இருக்கும். ஆண்டவர் இதுவரை எந்த ஆட்சேபமும் தெரிவிக்கவில்லை.

12 | தோவாளைப்_பிச்சி

அக்கா, முருகன் கடம்பமாலை போட்டவர், எதையும் ஏற்றுக்கொள்வார். :)

சரி, மல்லிக்கு வருகிறேன். மடிப்பாக்கம், உங்கள் செடி பூக்காததற்கு முக்கியக் காரணம் நீங்களே எழுதிவிட்டீர்கள், பத்தரை வரைதான் வெயில். குண்டுமல்லிக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். சட்டியைத் தூக்கி மொட்டைமாடிக்குக் கொண்டுபோங்கள். பால்கனியில் வைத்துக்கொண்டு உரம் போட்டுப் பிரயோசனம் இல்லை, இலைதான் விடும்.

அடுத்தது கவாத்து. இரக்கமே படக்கூடாது. கார்த்திகைக் கடைசி, மார்கழியில் தண்ணீரைக் குறைத்து, செடியைக் கொஞ்சம் வாடவிட்டு, முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். மிச்ச இலையையும் உருவிவிடுங்கள். பார்க்க வெறும் விறகாக நிற்கும். அப்புறம் மேல்மண்ணைக் கிளறி மக்கின சாணம் போட்டுத் தண்ணீர் விட ஆரம்பித்தால் புதுக்கிளை வெடிக்கும். மல்லி பூப்பது புதுக்கிளையின் நுனியில்தான். மாசி, பங்குனியில் மொட்டு தொடங்கி வெயில் ஏற ஏறக் கூடும். பூத்து முடிந்த நுனியை அப்பப்போ கிள்ளுங்கள்.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறை. போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் சகஜம். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி கிடைக்கும், லிட்டருக்கு 5 கிராம் கரைத்து சாயங்காலமாக இலையில் தெளியுங்கள். மொட்டு ஊதா நிறமாகி உள்ளே ஓட்டை இருந்தால் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைப் பறித்து நசுக்கிவிட்டு வேப்பெண்ணெய் அடியுங்கள், லிட்டருக்கு 5 மில்லி, கூட கொஞ்சம் சோப்புக் கரைசல். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் தண்ணீரில் கலக்காது.

கன்று புதிதாக வாங்குவதாக இருந்தால் தங்கச்சிமடம் கன்றா என்று கேளுங்கள். ராமேஸ்வரம் தீவின் மணலில் வேர் பிடிக்க வைத்த கன்றுகள் நாடு முழுக்கப் போகின்றன. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு வாங்கினார்களே, அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் கன்று அங்கிருந்துதான் போகிறது.

பறிக்கும் நேரமும் முக்கியம். விடிந்ததும், மொட்டாக, வெள்ளையாக, பருத்திருக்கும்போது. பச்சை சாயல் இருந்தால் அன்றைக்கு விரியாது. விரல் நுனியில் பிடித்து லேசாகத் திருகினால் 'டிக்' என்று விடும். ஒரு கை கிண்ணத்தில், ஒரு கை செடியில், வாய் பக்கத்து மாடிக்காரியோடு. இந்தச் சுகம் உங்கள் வாண்டாவில் உண்டா அண்ணா?

13 | ஏற்காட்டு_மழை

பக்கத்து மாடிக்காரி இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மணம் இல்லை என்று சொன்னதை மட்டும் விடமாட்டேன். நம் தமிழ்நாட்டுச் சமவெளியிலேயே, மாமரம், புளியமரக் கிளைகளில் தானாக வளரும் வாண்டா ஒன்று இருக்கிறது, வாண்டா டெசலேட்டா. பூ பெரிதில்லை. மஞ்சள் கலந்த பச்சையில் பழுப்புக் கட்டம் கட்டமாக இருக்கும், உதடு போன்ற கீழிதழ் மட்டும் நீல ஊதா. வெயில் காலத்தில் பூக்கும். பகல் வெயிலில் கிட்டே போய் நின்றால் பழவாசனை கலந்த இனிப்பு மணம். அதைக் கடந்து போகிற ஆயிரம் பேரில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை.

14 | பிரம்மபுத்திரா_பஸ்

சூட முடியாது என்று யார் சொன்னது? வேலை நிமித்தமாகக் குவாஹாட்டியில் இருக்கிறேன். இங்கே சித்திரை வாக்கில் பிஹு திருவிழா வந்தால் ஆடுகிற பெண்கள் கொண்டையில் சுற்றியிருப்பது ஆர்க்கிட்தான், 'கோபௌ' என்பார்கள். நரிவால் மாதிரி அடர்த்தியாகத் தொங்கும் சரம். வெள்ளையில் இளஞ்சிவப்புப் புள்ளி, நல்ல மணமும் உண்டு. அஸ்ஸாமின் மாநில மலரும் அதுதான். வீட்டு முற்றத்துப் பாக்கு மரத்தில் கட்டி வளர்க்கிறார்கள். தொடுக்கவே வேண்டாம், சரமாகவே பூக்கிறது, அப்படியே எடுத்துச் சுற்றிக்கொள்ள வேண்டியதுதான். பூக்காரி அக்காவுக்கு வேலை மிச்சம்.

15 | தோவாளைப்_பிச்சி

எங்கள் பிழைப்பில் கை வைக்கிறீர்களே தம்பி! ஆனால் படம் பார்த்தேன். அழகுதான்.

16 | வால்பாறை_பனி

நான் இங்கே எஸ்டேட் குடியிருப்பில் இருக்கிறேன். காற்று மழைக்கு முறிந்து விழும் கிளைகளில் ஆர்க்கிட் ஒட்டிக்கொண்டே வரும். போன மழையில் ஒரு கிளை நிறைய. கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை கேட்கிறாள், அனுப்பலாமா? யாராவது விலைக்கு எடுப்பார்களா என்றும் ஒரு யோசனை.

17 | ஆய்வுக்கூட_வாத்தியார்

விற்கும் யோசனையை விட்டுவிடுங்கள். காப்புக்காட்டிலிருந்து எதை எடுப்பதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். அதற்கு மேல், நீல வாண்டா, சிவப்பு வாண்டா, செருப்பு ஆர்க்கிட் வகைகள் ஆகியவை 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் தாவரப் பட்டியலிலேயே இருக்கின்றன. உங்களுக்கு விழுந்தது அவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் சந்தையில் காட்டுச் செடி நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. தென்னிந்தியாவுக்கென்று இருக்கும் ஒரே செருப்பு ஆர்க்கிட், மஞ்சள் பூ, அகத்தியமலையில் வளர்வது. 1865-ல் ட்ரூரி என்ற ஆங்கிலேய அதிகாரி கண்டெடுத்ததால் அவர் பெயரையே வைத்தார்கள். சேகரிப்பவர்கள் தேடித் தேடிப் பிடுங்கியதில் காட்டில் அற்றுப்போகும் நிலைக்கு வந்துவிட்டது.

தங்கைக்கு அனுப்பினாலும் பிழைப்பது சந்தேகம். வால்பாறை மழையில் வளர்ந்தது கோவைக் காற்றில் காய்ந்துவிடும். விழுந்த கிளையிலிருந்து எடுத்து அங்கேயே, அதே உயரத்தில், அதே திசை பார்த்த வேறு மரத்தில் கட்டிவிடுங்கள். நல்லூர்க்காரர் சொன்ன சேலைத் துணி போதும்.

காட்டுச் செடி நமக்குத் தேவையும் இல்லை. ஆர்க்கிட் காய் ஒன்றில் தூசி போல லட்சக்கணக்கில் விதை இருக்கும், ஆனால் விதைக்குள் சாப்பாடு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். 1922-ல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கர் சர்க்கரை கலந்த அகார் என்ற கடற்பாசிக் கூழில், பூஞ்சை இல்லாமலே முளைக்க வைத்துக் காட்டினார். இன்றைக்கு நர்சரிக்கு வரும் செடியெல்லாம் அந்த வழியிலோ, திசு வளர்ப்பிலோ பாட்டிலில் பிறந்தவைதான். காட்டு ரகங்களைப் பார்க்க ஆசை என்றால் ஏற்காட்டில் இந்திய தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. ஒரு நாள் போய் வாருங்கள்.

இன்னொன்று. பாங்காக் போகிறவர்கள் பெட்டிக்குள் ஆர்க்கிட் வைத்து வருவது வழக்கமாகிவிட்டது. எல்லா ஆர்க்கிட்டும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. முறையான அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே போய்விடும்.

18 | வால்பாறை_பனி

புரிந்தது ஐயா. நாளைக்கே சில்வர் ஓக்கில் கட்டிவிடுகிறேன்.

19 | மடிப்பாக்கம்_மாடி

இந்த இழை இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. செய்தது இது: மல்லி மொட்டைமாடிக்குப் போய்விட்டது. மாமியார்தான் முன்னின்று ஏற்றினார். அந்த இடத்துக்கு ஊதா டென்ட்ரோபியம் வந்துவிட்டது. அடியில் பார்த்துத்தான் வாங்கினேன், புதுக்குருத்து இருக்கிறது, மேலே ஒரு சரம் பாதி பூவும் பாதி மொட்டுமாக.

பிரச்சினை இரண்டு. பூஜை அறைக்குப் பக்கத்தில் அலமாரியில் வைத்திருந்தோம். மொட்டுகள் மஞ்சளாகி உதிர்கின்றன. அப்புறம், பையன் ஒரு பூவின் நடுவில் பல்குச்சியால் குத்தியிருக்கிறான். மஞ்சளாக ஏதோ உருண்டை ஒட்டிக்கொண்டு வந்தது. மறுநாளே அந்தப் பூ தொங்கிவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

20 | ஆய்வுக்கூட_வாத்தியார்

உண்டு, இரண்டிலும் எத்திலீன் வாயு. பூஜை அலமாரியில் வாழைப்பழச் சீப்பு இருந்திருக்குமே? பழுக்கிற வாழைப்பழமும் மாம்பழமும் எத்திலீனை வெளியே விடும். ஆர்க்கிட் மொட்டு அதைத் தாங்காது. செடியைத் தள்ளி வையுங்கள், அல்லது பழத்தை.

பையன் செய்தது தேனீயின் வேலை. ஆர்க்கிட்டில் மகரந்தம் பொடியாக இருக்காது, மெழுகு உருண்டையாக, சின்ன மூடிக்குள் இருக்கும். தேனீ உள்ளே நுழைந்து திரும்பும்போது அந்த உருண்டை அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். உருண்டை போனதும் பூ தன் வேலை முடிந்தது என்று எத்திலீன் விட்டு வாடத் தொடங்குகிறது. யாரும் தொடாததால்தான் மற்ற பூக்கள் வாரக்கணக்கில் காத்திருக்கின்றன. பையனிடம் பூதக்கண்ணாடி கொடுங்கள். அடுத்த முறை உருண்டையை எடுத்தால், அந்த மூடிக்குச் சற்று உள்ளே, கீழ்ப்பக்கத்தில் பிசுபிசுப்பாக ஒரு குழி இருக்கும், வேறொரு பூவின் அந்தக் குழியில் வைக்கச் சொல்லுங்கள். காய் பிடித்தால் பூக்காம்பு பருக்கத் தொடங்கும்.

21 | யீஷூன்_அக்கா

வாத்தியார், காய் பிடிக்கவிட்டால் சின்னச் செடி களைத்துப்போகுமே. ஒன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

22 | தோவாளைப்_பிச்சி

மாமியார் என்ன சொல்கிறார்?

23 | மடிப்பாக்கம்_மாடி

கட்சி மாறவில்லை. ஆனால் வாழைப்பழத்தை வேறு இடத்துக்கு மாற்றியது அவர்தான்.

ஏற்காட்டு அண்ணா, கடைசியாக ஒன்று. செடி வந்தது சின்ன பிளாஸ்டிக் சட்டியில். ஓட்டை போட்ட மண்சட்டி வாங்கி வைத்திருக்கிறேன். இப்போதே மாற்றலாமா? அக்னி நட்சத்திரம் வேறு வருகிறது.

24 | ஏற்காட்டு_மழை

இப்போது தொடாதீர்கள். பூச்சரம் இருக்கிறது, வெயிலும் உச்சம். புதுக்குருத்து விரல் நீளம் வளர்ந்து, அதன் அடியிலிருந்து புது வேர் அரை அங்குலம் நீட்டும்போதுதான் மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் மாற்றினால் பிடிப்பு இருக்காது. ரொம்பத் தள்ளிப்போட்டால் நீண்ட வேர் முறிந்துவிடும்.

அக்னி நட்சத்திரம் முடியும் வரை காலையில் நன்றாக நனையுங்கள், மதியத்துக்கு மேல் தரையில் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். மண்சட்டி சீக்கிரம் காயும், எனவே மாற்றிய பிறகு சென்னையில் கோடை முழுக்கத் தினமும் தண்ணீர் வேண்டும். தினமும் நிற்க முடியாது என்றால் பிளாஸ்டிக்கையே வைத்துக்கொண்டு பக்கவாட்டில் சூடான கம்பியால் நாலு ஓட்டை கூடப் போடுங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் சட்டியைச் சுவரோரம், சாரல் படாத இடத்துக்கு நகர்த்திவிடுங்கள்.